நான் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார்

பதினாறு வருடமாக நான் வாயால் பிழைக்கிறவள். அவசர அழைப்பு மையத்தில் வேலை. வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயால் ஊரார் பிள்ளைகளும் பிழைத்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் திமிராகவே சொல்லிக்கொள்வேன். மையத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் லவுட்ஸ்பீக்கர். முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள், கேன்டீனில் சொல்லிக்கொள்வார்கள். அங்கேயும் எனக்குக் காது கேட்கும் என்பதை மறந்துவிடுவார்கள்.

வேலை இதுதான். ஒரு வீட்டில் மனுஷன் சுருண்டு விழுந்து மூச்சு நின்றுபோனால், கூட இருப்பவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. போன் அடிப்பார்கள். வண்டி போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆகும். இதயம் நின்றவருக்குப் பத்து நிமிடம் கிடையாது. அந்த இடைவெளியில் கூட இருப்பவரை அதட்டி உட்கார வைத்து நெஞ்சை அமுக்க வைக்க வேண்டும். “அழுவுறத அப்புறம் வச்சுக்கலாம். முட்டி போடுங்க. நெஞ்சு நடுவுல கைய வைங்க. அமுக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.” வண்டி போகும்வரை நான் எண்ணிக்கொண்டே இருப்பேன். அப்படி எண்ணி எழுந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. எழாதவர்கள் அதைவிட அதிகம்.

போன வருடம் எங்கள் மேஜைகளில் கேமரா பொருத்தினார்கள். இனிமேல் அழைப்பவர் பட்டறையா, படுக்கையறையா எல்லாம் திரையில் தெரியுமாம், நம் முகமும் அவர்களுக்குத் தெரியுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வீட்டுக்காரரே என் மூஞ்சியப் பாத்துப் பல வருஷமாச்சு. ஊருல இருக்கவன் எதுக்குப் பாக்கணும்?” என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் பெயர் ஒரு நிமிஷம். எதற்கும் அதைத்தான் சொல்லுவார்.

“ஒரு நிமிஷம், மேடம். அவங்க எப்படி அமுக்குறாங்கன்னு நீங்க பாக்கலாம். தப்பா இருந்தா உடனே திருத்தலாம்.”

“என் காது பாக்காததையா இந்த டப்பா பாக்கப் போகுது?”

அடுத்த சீட்டில் இருப்பவள் முன்பு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். அவள் திரும்பாமலே சொன்னாள். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்கக்கா, நான் சொல்லித் தரேன்.”

அன்றைக்கே என் பக்கத்துக் கேமராவின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டேன். அவர்கள் திரையில் நான் வெறும் கறுப்புக் கட்டம். குரல் போதும் என்பது என் கட்சி.

அதே வாரம் ஒரு மதியம் மூன்று மணிக்கு முதல் தடவையாக என் வீடியோ லைன் எரிந்தது. எடுத்தேன். திரையில் தகரக் கூரை தெரிந்தது, ஒரு டியூப் லைட் தெரிந்தது, பிறகு எல்லாம் குலுங்கியது. பேச்சில்லை.

“ஹலோ, அவசர உதவி மையம்.” பதில் இல்லை. “ஹலோ?” இல்லை. “ஹலோ, யாருங்க பேசறது?”

மூன்று ஹலோவுக்குப் பதில் வராவிட்டால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, திரும்ப அழைக்கும் வரிசையில் போட வேண்டும் என்பது எங்கள் விதி. குழந்தைகள் போனை வைத்து விளையாடுவது தினமும் நடப்பதுதான். என் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அப்போது திரையில் ஒரு முகம் வந்து மோதியது. நாற்பது வயதிருக்கும், தலையெல்லாம் நூல் துணுக்கு. வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டி, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

“என்ன ஆச்சுங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க!” என்று கத்தினேன். காதைக் காட்டி இல்லை என்கிறவரிடம் சத்தமாகச் சொல்லச் சொன்ன புத்திசாலி நானேதான்.

அவர் போனைத் திருப்பினார். புதிதாகத் தைத்து முடித்த ஒரு சோபா. அதன் மேல் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் மல்லாந்து கிடந்தார். உதடு நீலம். வாய் திறந்தது, மூடியது, வெகு நேரம் கழித்து மறுபடி திறந்தது, தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன் மாதிரி. எத்தனை பேர் என்னிடம் போனில் “மூச்சு வருதுங்க, வாயத் திறக்கறாரு” என்று சொல்லியிருக்கிறார்கள்! அது மூச்சில்லை, இதயம் நின்றுபோன உடம்பு செய்யும் கடைசி வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பார்த்ததில்லை. பதினாறு வருடத்தில் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அவர்கள் யார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அது சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை வைத்துத் தைக்கும் பட்டறை. விழுந்து கிடந்தவர் அண்ணன். போன் பிடித்திருந்தவர் அவருடைய தம்பி, பிறவியிலேயே காது கேளாதவர். அண்ணனின் மனைவிக்கும் காது கேட்காது. அந்த வீட்டில் காது கேட்கிற ஒரே ஆள் அண்ணன்தான். வாடிக்கையாளரிடம் பேசுவது, கரண்ட் ஆபீசுக்குப் போன் போடுவது, மழை வந்தால் சொல்லுவது எல்லாம் அவர். அந்த வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் எங்களை அழைத்திருக்க வேண்டியவரும் அவர்தான். அவரே விழுந்துவிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன். சொல்வதற்கு எல்லாம் நாக்கு நுனியில் இருக்கிறது, வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் காது இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எத்தனையோ முறை யாரையாவது திட்டியிருக்கிறேன். அந்தப் பழமொழியை அன்றோடு விட்டுவிட்டேன். அதில் சங்கு ஊதுகிறவனின் முட்டாள்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பிளாஸ்திரியைப் பிய்த்தேன். நகம் வழுக்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பிய்த்தேன். அந்தப் பக்கம் கறுப்புக் கட்டத்தில் என் முகம் தெரிந்த நொடியில் அவர் கண்கள் வந்து என்மேல் ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை. என் குழந்தைகள்கூட.

மேஜையில் கிடந்த விதிமுறை அட்டையின் பின்பக்கத்தில் தடித்த பேனாவால் ‘தரையில்’ என்று எழுதிக் காட்டினேன். அண்ணன் விழுந்ததும் தம்பி செய்த காரியம், கடையிலேயே மெத்தென்ற சோபாவில் தூக்கிக் கிடத்தியது. அன்பில் செய்தது. ஆனால் ஆறு அங்குல ஃபோம் மேல் படுத்திருக்கிறவரின் நெஞ்சை அமுக்கினால் ஃபோம்தான் அமுங்கும். போனில் கேட்டிருந்தால் “நல்லாப் படுக்க வச்சிருக்கோம்” என்றிருப்பார்கள், நானும் எண்ண ஆரம்பித்திருப்பேன். இதற்குமுன் எத்தனை முறை மெத்தையை அமுக்கச் சொல்லி எண்ணியிருக்கிறேனோ!

தம்பி படித்தார். போனைத் தரையில் ஒரு பசை டின்னில் சாய்த்து வைத்தார். பிறகு மரப்பலகைத் தரையைக் காலால் ஓங்கி இரண்டு முறை மிதித்தார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளறையிலிருந்து கையில் கத்தரிக்கோலோடு ஓர் அம்மா ஓடி வந்தார். சத்தம் போய்ச் சேராத இடத்துக்குத் தரையின் அதிர்வு போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த அம்மா கணவனைப் பார்த்தார். கத்தரி கீழே விழுந்தது. இருவருமாக அவரைத் தரைக்கு இழுத்தார்கள்.

எழுத்தில் ‘தரையில்’ என்று சொல்லிவிடலாம். தாளத்தை எப்படி எழுதுவது? என் நாற்காலியின் குஷனை உருவினேன். மேஜை மேல் போட்டேன். குஷனும் நானும் சேர்ந்து தெரிகிறபடி கேமராவைக் கொஞ்சம் குனிய வைத்தேன். எழுந்து நின்று ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து, முழங்கை மடங்காமல், குஷனை அமுக்க ஆரம்பித்தேன்.

அறையில் நாற்பது பேர். லவுட்ஸ்பீக்கர் வாய் பேசாமல் தன் நாற்காலி குஷனைக் குத்திக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் அந்தப் போன் இருக்கும் இடத்தைத் தன் திரையில் பார்த்து வண்டியை அனுப்பினார்.

தம்பி முட்டி போட்டார். கையை வைத்தார். அமுக்கினார். அமுக்கியபடியே இருந்தார். விடவில்லை.

இதயம் நின்றவருக்கு அமுக்குவது பாதி வேலைதான். நெஞ்சு மறுபடி எழும்பினால்தான் ரத்தம் உள்ளே வரும். இவர் ஆழமாக, அழகாக அமுக்குகிறார், பிறகு அப்படியே பிடித்துக்கொள்கிறார். பயத்தில் செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் பின்னால் கிடந்த சோபாவைப் பார்த்தேன், பக்கத்தில் கிடந்த ஆணியடிக்கும் கருவியைப் பார்த்தேன், விளங்கியது. இருபது வருடமாக அவர் கை செய்த வேலை அது. ஃபோமை ஒரு கையால் அமுக்கிப் பிடி, மறுகையால் துணியை இழுத்து ஆணி அடி, அடிக்கும்வரை விடாதே. அண்ணனையும் அதே கையால்தான் அமுக்குகிறார். விட்டால் வேலை கெட்டுப்போகும் என்று அந்தக் கைக்குப் பாடம்.

நான் கையைக் குஷனிலிருந்து முழுக்கத் தூக்கினேன். குஷனைச் சுட்டிக் காட்டினேன். அமுங்கியிருந்தது மெல்ல எழும்பிப் பழைய உயரத்துக்கு வந்தது. மறுபடி அமுக்கினேன், தூக்கினேன், எழும்புவதைக் காட்டினேன். மூன்றாவது தடவை அவர் முகத்தில் ஒன்று தெளிந்தது. ஃபோம் எழும்புவதை அவருக்கா நான் சொல்லித் தர வேண்டும்? எது நல்ல சரக்கு, எது அமுங்கினால் எழாத மட்டம் என்று விரலால் தொட்டே சொல்கிறவர். அதற்குமேல் ஒரு முறைகூட அவர் தவறவில்லை. அமுக்கினார், விட்டார், அண்ணன் நெஞ்சு எழும்பும்வரை விட்டார், அமுக்கினார். நான் போன வேகத்துக்கே வந்தார்.

அவர் என் கைகளைத்தான் பார்த்தார். தன் கைகளைப் பார்க்கவே இல்லை. நான் இறங்கினால் இறங்கினார், எழுந்தால் எழுந்தார். எத்தனையோ மைல் தள்ளி ஒரு பட்டறையில் இருக்கிற மனுஷனின் தோளும் என் தோளும் ஒரே கயிற்றில் கட்டிய மாதிரி அசைந்தன. எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருடமாகக் குரலை அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சூப்பர்வைசர் என் தோளருகே வந்தார். “ஒரு நிமிஷம், மேடம். வண்டி வந்துட்டே இருக்கு. முன் வாசலா, பின் வாசலா? எதுல பெரிய கதவு?”

நான் திரையின் மூலையை உற்றுப் பார்த்தேன். சோபாவுக்குப் பின்னால் சாமான் ஏற்றுகிற பெரிய கதவு தெரிந்தது. “பின்னாடி. பெரிய கதவு பின்னாடி இருக்கு” என்று அவர் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

மறுபடி திரையைப் பார்த்தால், தம்பியின் கைகள் அண்ணன் நெஞ்சின் மேல் அசையாமல் இருந்தன. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கைகளும் குஷன் மேல் அசையாமல் இருந்தன.

நான் நிறுத்தினேன், அவரும் நிறுத்திவிட்டார். போதும் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். இல்லாவிட்டால், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நான் சொல்வதாக நினைத்திருப்பார். ஐந்தாறு நொடி இருக்கும். அந்த ஐந்தாறு நொடிக்காக இன்றுவரை நான் என்னை மன்னிக்கவில்லை. பாய்ந்து அமுக்கினேன். அவரும் பாய்ந்தார்.

“என் கிட்ட யாரும் பேசாதீங்க! நான் நிறுத்தினா அவரும் நிறுத்துவாரு!” என்று கத்தினேன். அன்று என் குரலுக்கு இருந்த ஒரே வேலை அறையை அடக்குவதுதான்.

நான்காவது நிமிடத்தில் என் வலது தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஐம்பத்திரண்டு வயது, உட்கார்ந்தே பார்க்கிற உத்தியோகம், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். வாயால் எண்ணும்போது இருபது நிமிடம்கூட எண்ணியிருக்கிறேன். அந்தப் பக்கம் அமுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. “நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க” என்று ஏவிக்கொண்டே இருந்திருக்கிறேன். திரையில் தம்பியின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை அண்ணன் சட்டையில் சொட்டியது. அவருடைய அமுக்கும் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. என்னுடையதும்தான். எது எதைப் பார்த்துக் குறைந்ததோ தெரியவில்லை.

நர்ஸ் தன் சீட்டை விட்டு வந்தாள். என் இடது பக்கம் இடித்துக்கொண்டு நின்று, குஷனின் ஓரத்தில் கையை வைத்து, என்னோடு சேர்ந்து அமுக்கினாள். இரண்டு பேரும் நான்கு கையுமாகப் பத்துத் தரம் ஒன்றாகப் போனோம். பிறகு நான் மெல்ல உருவிக்கொண்டேன், அவள் நடுவுக்கு வந்தாள். தாளம் அறவில்லை.

தம்பி அதையும் பார்த்தார். அமுக்கிக்கொண்டே தலையால் அண்ணிக்குச் சாடை காட்டினார். அண்ணி வந்து அவர் பக்கத்தில் முட்டி போட்டார். தம்பியின் கைக்கு அருகே கை வைத்து, நாங்கள் செய்த மாதிரியே பத்துத் தரம் சேர்ந்து அமுக்கி, நடுவுக்கு வந்தார். தம்பி விலகித் தரையில் சரிந்து உட்கார்ந்தார். அண்ணியின் கண் திரையிலிருந்த நர்ஸின் கைமேல் நின்றது. கன்னத்தில் தாரை தாரையாக வழிகிறது, துடைக்கக் கை இல்லை. ஆனால் அமுக்கியது பாருங்கள்! மெத்தைக்குள் ஃபோமைத் திணித்துத் திணித்து உரமேறிய கை. கணவனின் நெஞ்சை இரண்டு அங்குலம் இறக்கி, எழவிட்டு, இறக்கி, எழவிட்டு... யாராவது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆளுடையது என்று நம்பமாட்டார்கள்.

ஹெட்போன் என் தலையில்தான் இருந்தது. அதில் அவர்கள் மூச்சு வாங்குவது கேட்டது, பலகை கிறீச்சிடுவது கேட்டது. கூடவே வேறொன்றும் கேட்டது. டம் டம் டம்.

என் மையத்தில்தான் யாரோ எதையோ தட்டுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். மறுபடி, டம் டம் டம். ஓர் ஆள் குரல், “உள்ள யாருங்க? கதவத் திறங்க!” வண்டிக்காரர்கள்! பின் கதவை இடிக்கிறார்கள். உள்ளே தாழ்ப்பாள். அந்தக் கதவுக்கு முன்னால் இருப்பவர்கள் மூவர். ஒருவருக்கு உயிரில்லை, இருவருக்குக் காது கேட்காது. கேட்டது எனக்கு மட்டும்தான். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது எனக்கு மட்டும் கேட்கிறது. பின் கதவு என்று வண்டியை அனுப்பியவளும் நான்தான். முன் வாசலில் மணி அடித்தால் உள்ளே எரிகிற விளக்கு ஒன்று வைத்திருந்தார்களாம், அங்கே அனுப்பியிருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும். கண்ணில் பட்ட பெரிய கதவைச் சொன்னேனே தவிர, காது கேளாதவர் வீட்டுக்கு ஆள் வந்தால் எப்படித் தெரியும் என்று யோசித்தேனா? இல்லை.

தம்பி திரையைப் பார்க்கவில்லை. அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தார். நான் அட்டையில் ‘பின் கதவு’ என்று எழுதி நர்ஸின் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். அண்ணிதான் பார்த்தார். படித்தார். கை நிற்கவில்லை. என்ன செய்வார் அவர்? கூப்பிடக் குரல் இல்லை, தொடக் கை இல்லை. நான் அட்டையை ஆட்டினேன். டம் டம் டம். அண்ணி அமுக்கிக்கொண்டே, ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டி, தம்பியின் முதுகில் ஓர் உதை விட்டார்.

நல்ல உதை. தம்பி துள்ளி நிமிர்ந்தார். அண்ணி கண்ணால் திரையைக் காட்டினார். தம்பி அட்டையைப் படித்தார், ஓடினார். கதவு திறந்ததும் வெயில் உள்ளே கொட்டி என் திரை முழுக்க வெள்ளையானது. ஒரு கணம் எதுவும் தெரியவில்லை. பிறகு இரண்டு ஆட்கள், ஒரு பெட்டி, கையுறை.

நர்ஸின் லைன் எரிந்தது. வேறு யாரோ, வேறு எங்கேயோ. அவள் என்னைப் பார்த்தாள். நான் குஷனை வாங்கிக்கொண்டேன், அவள் தன் சீட்டுக்கு ஓடினாள்.

இனி நான் அமுக்க வேண்டிய அவசியமே இல்லை. வந்தவர்கள் அண்ணியை விலக்கி, வேலையைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். நெஞ்சில் ஷாக் கொடுக்கும் இரண்டு பட்டைகளை ஒட்டினார்கள், பெட்டியிலிருந்து கம்பிகளை இழுத்தார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் வாயால் பேசிக்கொண்டார்கள். அது தம்பிக்குக் கேட்காது. அவர் பசை டின் முன்னால் வந்து முட்டி போட்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்த அவர் கைகள் காற்றில் என்னோடு ஏறி இறங்கின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது நான் நிறுத்தினால், எல்லாம் முடிந்தது என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அதனால் நான் நிறுத்தவில்லை. யாருக்கும் பயன்படாத குஷனை, தோள் எரிய எரிய அமுக்கிக்கொண்டிருந்தேன்.

“எல்லாரும் விலகுங்க” என்று ஒரு குரல். அண்ணனின் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடி அமுக்கினார்கள். மறுபடி விலகச் சொன்னார்கள். மறுபடி தூக்கிப் போட்டது. பிறகு ஓர் அமைதி. என் சர்வீசில் எத்தனையோ அமைதியைக் கேட்டிருக்கிறேன். பாதிக்குமேல் நல்லதற்கு இல்லை.

பீப்.

ரொம்பச் சின்னச் சத்தம். பெட்டியிலிருந்து வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பீப். பிறகு, பீப். “இருக்கு, இருக்கு, பல்ஸ் இருக்கு” என்றார் வந்தவர்களில் ஒருவர், தன் கூட்டாளியிடம்.

அந்த அறையில் அது தெரிய வேண்டிய இரண்டு பேருக்கு அது தெரியவில்லை. தெரிந்துவிட்டவள் நான்.

என் கைகள் தாமாக நின்றன. அதைப் பார்த்ததும் தம்பியின் முகம் அப்படியே இடிந்தது. அவர் கைகளும் காற்றில் நின்றன. தோள்கள் தொங்கின. ஐயோ, அப்படியில்லை, அப்படியில்லை என்று நான் வாயால் கதறியது அவருக்கு எங்கே போய்ச் சேரும்? அட்டை எங்கேயோ விழுந்துவிட்டது. பேனா எங்கேயோ உருண்டுவிட்டது. வலது கையை எடுத்து என் நெஞ்சின்மேல் வைத்தேன். பெட்டி பீப் என்றபோது ஒரு தட்டுத் தட்டினேன். அடுத்த பீப்புக்கு ஒரு தட்டு. அடுத்ததற்கு ஒன்று.

பத்துப் பன்னிரண்டு நிமிடப் பழக்கம். என்ன ஏது என்று புரியாமலே அவரும் கையைத் தன் நெஞ்சில் வைத்து, என்னோடு தட்டினார். தட்டு, தட்டு, தட்டு. இது பழைய வேகம் இல்லை. இது மெதுவாக இருந்தது, ஒரு சீராகவும் இல்லை. நடுவே ஒரு பீப் வரவில்லை. என் கை காத்துக்கொண்டிருந்தது. அவர் கையும் காத்துக்கொண்டிருந்தது. பிறகு அவசரமாக இரண்டு வந்தன. நான் இரண்டு தட்டினேன். அவரும் தட்டினார்.

அந்தத் தடுமாற்றத்தில்தான் அவருக்குப் புரிந்தது. பாடம் சொல்லித் தருகிற பொம்பளை இப்படித் தப்புத் தாளம் போடமாட்டாள். இது இவளுடையது இல்லை. இதை இவள் எங்கிருந்தோ கேட்டுச் சொல்கிறாள். அவர் சட்டென்று திரும்பி அண்ணனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கையால் அண்ணனைச் சுட்டிக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, புருவத்தை உயர்த்தினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எத்தனை முறை ஆட்டினேன் என்று எனக்குத் தெரியாது. என் பின்னால் சூப்பர்வைசர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அண்ணி சுவரோரம் சுருண்டு, முகத்தை முழங்காலுக்குள் புதைத்திருந்தார். தம்பி போனை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். கூப்பிடவில்லை. அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தார். திரையில் என்னைப் பார்த்தார்.

நான் தட்டினேன். அவர் அண்ணியின் முதுகில் தட்டினார். நான் தட்டத் தட்ட அவரும் தட்டினார். அந்த அம்மா அசையவில்லை. கொஞ்ச நேரம் அதை வாங்கிக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி, கணவன் படுத்திருந்த பக்கம் திரும்பினார்.